நிலவாகைத் தேநீரும் குடலில் வாழும் பக்ரீரியாவும்

ஸ்ரௌவ்விலிலிருந்து ரொறன்ரோ யூனியன் நிலையத்துக்கு விடிகாலை கோ ரயிலைப் பிடிக்க ஓடுபவர், மலம் கழிக்கும் உந்துதலை அடக்கிக்கொண்டே வீட்டை விட்டுப் புறப்படுகிறார். வேலையிடத்துக் கழிவறையில் போக மனம் ஒப்பாது. பனிக்காலத்தில் தாகம் தெரியாததால் தண்ணீரும் குடிப்பதில்லை. ஸ்காபரோவிலிருந்து வடக்கே குடிவந்த நம்மவர் வீடுகளில் மலச்சிக்கல் இப்படித்தான் மெல்ல ஒட்டிக்கொள்கிறது. வைத்தியரிடம் சொல்ல வெட்கம். அதனால் தமிழ்க் கடையில் ஒரு சூரணமோ, வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று எழுதிய தேநீரோ வாங்கிவிடுகிறோம். மூலிகைதானே, தினமும் குடித்தால் என்ன என்று நினைக்கிறோம். அந்த எண்ணம் தவறு.

மருந்தை இயக்குவது பக்ரீரியா

இந்தச் சூரணங்களிலும் தேநீர்களிலும் பலவற்றில் இருப்பது நிலவாகை. பெட்டியில் சென்னா என்று போட்டிருக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து உலகெங்கும் போகும் இலை அது. அதிலுள்ள சென்னோசைட்டை நம் இரைப்பையாலும் சிறுகுடலாலும் செரிக்க முடியாது. அது பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே வாழும் பக்ரீரியாக்கள் அதனோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையை வெட்டியெடுத்து, ரெய்ன் அன்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. குடலைத் தூண்டி அசைப்பது இந்தப் பொருள்தான். மலத்தில் நீர் தங்கவும் இதுவே காரணம். இரவில் குடித்தது வேலை செய்ய 6 முதல் 12 மணித்தியாலம் எடுப்பது இந்த மாற்றம் நடக்கவேண்டியிருப்பதால்தான். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுப்பவரின் குடலில் இந்தப் பக்ரீரியாக்கள் குறைந்துபோனால், வழக்கமான அளவு சென்னா வேலை செய்யாமல் போகலாம். அப்போது அளவைக் கூட்டிக் குடிக்காதீர்கள்.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலா இதைவிட மென்மையானது. அதன் துவர்ப்புப் பொருட்களையும் குடல் பக்ரீரியாக்கள்தான் உடைத்து யூரோலிதின் என்ற பொருளாக்குகின்றன. எல்லோருடைய குடலிலும் அதற்குரிய பக்ரீரியா இருப்பதில்லை.

எத்தனை நாளைக்கு?

ஓரிரு நாள் அவதிக்கு நிலவாகை நல்ல மருந்து, மருத்துவமனைகளிலும் கொடுக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைத்தியரைக் கேளாமல் வேண்டாம். நாட்கணக்கில் பேதியானால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு குழம்பும். டிஜொக்சின் என்ற இதய மருந்து அல்லது சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. மாதக்கணக்கில் குடித்தவர்களின் பெருங்குடல் உட்சுவர் கறுத்துப்போவதும் உண்டு. நிறுத்தினால் அது மெல்லத் தெளியும். பேதிக்காகக் குடிக்கும் இன்னொன்று விளக்கெண்ணெய்; கர்ப்பிணிகள் அதைக் குடிக்கக் கூடாது, அது கருப்பையைச் சுருங்கத் தூண்டும்.

வாங்கும்போது 8 இலக்க என்.பி.என் எண்ணைப் பாருங்கள். கனடிய சுகாதாரத் துறை அனுமதித்த இயற்கை மருந்துகளில் அது இருக்கும். பொஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் வெளியான ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. ஊரிலிருந்து பையில் வரும், அந்த எண் இல்லாத சூரணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பக்ரீரியாவுக்கும் சாப்பாடு வேண்டும்

பக்ரீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பமிலங்களில்தான் பெருங்குடலின் உயிரணுக்கள் வாழ்கின்றன. நாளொன்றுக்குப் பெண்களுக்கு 25 கிராம், ஆண்களுக்கு 38 கிராம் நார் தேவை. கனடாவில் பெரும்பாலானோர் அதில் பாதியைத்தான் சாப்பிடுகிறார்கள். வெள்ளை அரிசிச் சோறும் வெள்ளை மா இடியப்பமும் சாப்பிடும் நாமும் அப்படித்தான். குரக்கன் புட்டு, தவிட்டோடு சிவப்பரிசி, கௌபி, கடலை, பயறு, முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாமே இங்கு கிடைக்கின்றன. திடீரென்று கூட்டினால் வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

அதுவும் போதாவிட்டால் இசப்கோல். நீரைப் பிடித்து மலத்தை இளக்கும். நிலவாகையைப் போலன்றி நீண்ட நாள் எடுக்கலாம். ஒரு முழுக் குவளைத் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும், இல்லையேல் தொண்டையில் அடைக்கும். உலர்ந்த பிளம்ஸ் 50 கிராம் வீதம் நாளுக்கு இருமுறை சாப்பிட்டவர்களுக்கு இசப்கோலைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கணக்கில் எடுங்கள்.

வைத்தியரிடம் எப்போது?

இரும்புச்சத்து மாத்திரை, கோடீன், ஒசெம்பிக் ஊசி, தைரொயிட் குறைபாடு எல்லாமே மலத்தை இறுக்கும். காரணத்தை விட்டுவிட்டுச் சூரணம் குடித்துப் பயனில்லை. மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை, 50 வயதுக்குப் பின் புதிதாக வந்த சிக்கல் என்றால் தள்ளிப்போடாமல் குடும்ப வைத்தியரிடம் போங்கள். அறிகுறி எதுவுமில்லாமல் 50 வயதைக் கடந்தவர்களும் ஒன்ராறியோவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டிலேயே செய்யக்கூடிய மலப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை.