திங்கள் முதல் நாளா, இரண்டாம் நாளா?

கெடா மாநிலத்துச் சந்தை ஒன்றில் திங்கட்கிழமைக்கு நான்கு பெயர்கள் காதில் விழும். தோட்டத்திலிருந்து வந்த தமிழர் 'திங்கள்' என்பார். மலாய்க்காரர் 'இஸ்னின்' என்பார். ஹொக்கியன் பேசும் சீனருக்கு அது 'பாய் இட்'. மாநிலத்தின் வடக்கே வாழும் சயாமியருக்கு 'வன் சன்'.

இவற்றில் இரண்டு பெயர்கள் நிலவைச் சொல்கின்றன, இரண்டு எண்ணைச் சொல்கின்றன. எண்ணிலும் ஒற்றுமை இல்லை. 'இஸ்னின்' என்பது இரண்டைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. 'பாய் இட்' என்றால் 'வழிபாடு ஒன்று'. மலாய்க்காரரின் இரண்டாம் நாள் சீனருக்கு முதல் நாள்!

காரணம், எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதுதான். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். அது முடிந்ததும் ஞாயிற்றில் எண்ணிக்கை தொடங்கும். அரபும் அப்படியே எண்ண, அஹாட், இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ் என்று ஐந்து எண்களும் மலாய்க்கு வந்து சேர்ந்தன. ஆறாம் நாள் மட்டும் தொழுகைக்குக் கூடும் 'ஜுமாஅத்'. ஏழாம் நாளான 'சப்து' பழைய ஓய்வுநாளின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சீனர் வாரத்தை எண்ணப் பழகியது கிறிஸ்தவரின் ஞாயிறு வழிபாட்டை ஒட்டி. வழிபாட்டு நாளை எண்ணாமல், அதற்குப் பிந்தைய நாட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். மலாயில் வாரத்துக்கு வழங்கும் 'மிங்கு' என்ற சொல்லும், ஞாயிற்றைக் குறிக்கும் போர்த்துகீசிய 'தொமிங்கோ'விலிருந்து வந்ததே.

தமிழரும் சயாமியரும் வானத்தைப் பார்த்துப் பெயரிட்டவர்கள். சயாமியரின் ஆதித், சன், அங்கான், புத், சுக் ஆகியவற்றில் ஆதித்தன், சந்திரன், அங்காரகன், புதன், சுக்கிரன் எல்லோரும் இருக்கிறார்கள். சிவந்து தெரியும் கோள் நமக்குச் செவ்வாய்; ஜப்பானியருக்கு அதே நாள் 'நெருப்புக் கோளின் நாள்'. ஆங்கிலேயர் ரோமரின் போர்க்கடவுள் மார்ஸ் இருந்த இடத்தில் தங்கள் பழைய போர்க்கடவுள் 'டியூ'வை வைத்து 'டியூஸ்டே' என்றார்கள்.

ஆனால் ஞாயிறுக்குப் பின் திங்கள், அதற்குப் பின் செவ்வாய் என்ற வரிசை எப்படி வந்தது? வானத்தில் அப்படி ஒரு வரிசை இல்லை. பழங்கால வானியலார் மெதுவாக நகர்வதிலிருந்து தொடங்கி, சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று அடுக்கினார்கள். வானை ஒரு சுற்று வரச் சனிக்கு ஏறத்தாழ 29 ஆண்டுகள், நிலவுக்கு 27 நாட்கள். பிறகு நாளின் 24 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக இந்த ஏழுக்கும் சுற்று முறையில் பங்கிட்டார்கள். முதல் மணி எந்தக் கோளுக்கோ, அந்த நாள் முழுவதும் அதற்கே.

சனியில் தொடங்கி எண்ணிப் பாருங்கள். 22ஆம் மணி மறுபடி சனிக்கு, 23 வியாழனுக்கு, 24 செவ்வாய்க்கு. மறுநாளின் முதல் மணி ஞாயிறுக்கு வந்துவிடும். அதற்கடுத்த நாள் திங்களுக்கு. 24ஐ ஏழால் வகுத்தால் மீதி மூன்று. அந்த மூன்றுதான் வாரத்தின் வரிசையைத் தீர்மானித்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் மத்தியதரைக்கடல் பகுதியில் உருவான இந்தக் கணக்கு, பஞ்சாங்கத்தின் 'ஓரை'யாக நம்மிடம் இன்றும் வாழ்கிறது. கிழமை என்றால் உரிமை; முதல் ஓரை யாருக்கு உரியதோ அவருடைய கிழமை அது. இந்தியாவில், மத்தியப் பிரதேசத்து ஏரணில் கி.பி. 484ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரு வியாழக்கிழமையைக் குறிக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய கோளறு பதிகத்தில் ஏழு கோள்களும் கிழமை வரிசையிலேயே நிற்கின்றன.

மாதத்துக்கு நிலவு, ஆண்டுக்குச் சூரியன் என்று வானில் சான்று உண்டு. வாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஆனாலும் அதன் உறுதி வியப்பானது. 1582இல் போப் கிரகோரி நாள்காட்டியைத் திருத்தியபோது அக்டோபர் 4க்கு மறுநாள் 15 ஆனது. பத்துத் தேதிகள் காணாமல் போயின. கிழமை மட்டும் வியாழனிலிருந்து ஒழுங்காக வெள்ளிக்கு நகர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர் பத்து நாள் வாரத்தையும், சோவியத் அரசு ஐந்து நாள் வாரத்தையும் கொண்டுவந்து பார்த்தார்கள். இரண்டும் நிலைக்கவில்லை.

அரசுகளால் மாற்ற முடிந்தது விடுமுறையை மட்டுமே. ஜொகூர் மாநிலம் 2014இல் வெள்ளி-சனிக்கு மாறி, 2025இல் சனி-ஞாயிறுக்குத் திரும்பியது. கெடாவில் வெள்ளியும் சனியும் ஓய்வு என்பதால், தமிழர் கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கும் விடுமுறை நாள். பக்கத்துப் பினாங்கிலோ சனியும் ஞாயிறும். ஆகவே கெடாவின் கூலிமில் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குக் கிளம்பும் காலையில், எல்லைக்கு அப்பால் புக்கிட் மெர்தாஜாம் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லை. எந்த நாளில் ஓய்வு என்பதில் இரண்டு ஊரும் வேறுபடலாம். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதில் இரண்டுக்கும் ஐயமில்லை.