மரம் இல்லாத வயலிலும் தூளி கட்டலாம்
மூன்று கம்பு, ஒரு கயிறு: மடக்கித் தூக்கிச் செல்லும் தாங்கி

நடவு நாளில் வயலுக்கு வரும் பெண்களில் ஒருவர் இடுப்பிலாவது கைக்குழந்தை இருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வர முடியாது. அங்கன்வாடியிலும் பால்குடி மறக்காத குழந்தையை நாள் முழுக்க விட வழியில்லை. பிள்ளையோடு வேலைக்கு வருவது, இல்லையென்றால் கூலியை விடுவது. பெரும்பாலான தாய்மார்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான்.

முன்பு வயலோரம் பூவரசோ, வேம்போ, கருவேலமோ நின்றது. பழைய புடவையைக் கிளையில் கட்டினால் தூளி ஆயிற்று. இன்று பல வயல்களில் அந்த மரங்கள் இல்லை. சாலை அகலமானபோது சில போயின. அறுவடை இயந்திரம் திரும்ப இடம் வேண்டும் என்று வரப்போரத்தில் நின்றவையும் வெட்டப்பட்டன. அதனால் பிள்ளை வரப்பில் விரித்த சாக்கின்மேல் கிடக்கிறது. சிற்றெறும்பு, வெயில், பக்கத்தில் வாய்க்கால், புல்லுக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம். நாற்றைப் பிடித்த கை வேலை செய்தாலும் கண் வரப்பிலேயே இருக்கும்.

சிலர் கிடைத்த இடத்தில் தூளியைக் கட்டிவிடுகிறார்கள். இதில் இரண்டு இடங்களை அறவே தவிர்க்க வேண்டும். ஒன்று முருங்கை. பார்க்கக் கிளை பருமனாக இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் முறியும் மரம் அது. மற்றது டிராக்டர் டிரெய்லரின் அடிப்பகுதி. மாட்டு வண்டியின் அடியில் தூளி கட்டிய பழக்கம் அப்படியே டிரெய்லருக்கு வந்துவிட்டது. நுகத்தடியிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். டிராக்டரை யார் எப்போது வந்து எடுப்பார் என்று சொல்ல முடியாது.

இதற்குச் செலவு குறைந்த மாற்று, மூன்று கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டிய தாங்கி. கடையில் விற்கும் இரும்புத் தொட்டில் ஸ்டாண்டு வீட்டுத் தளத்துக்குத்தான் பொருந்தும். வயலில் நான்கு காலும் ஒரே மட்டத்தில் உட்காராது, ஒரு கால் எப்போதும் தூக்கிக்கொண்டு ஆடும். மூன்று கால் மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கும்.

கம்பு எப்படி இருக்க வேண்டும்?

ஏழு அடி நீளத்தில் மூன்று கம்புகள் போதும். சவுக்கு நன்றாக உழைக்கும். அடிப்பக்கம் இரண்டு அங்குலப் பருமன் இருக்கட்டும். பட்டையை உரித்து, நிழலில் காயவைத்து எடுக்க வேண்டும். மூங்கில் என்றால் உள்ளே கூடு இல்லாத கல் மூங்கிலாகப் பார்த்து எடுப்பது நல்லது. சவுக்கைவிடத் தூக்க இலேசு. பச்சையாக வெட்டிய மூங்கிலை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து குறைந்து, துளைக்கும் வண்டின் தொல்லையும் குறையும். பூச்சிமருந்து எதையும் தடவ வேண்டாம், பிள்ளை கை வைக்கும் கம்பு அது. வீட்டில் பந்தல் போட்ட கம்பு மிச்சம் இருந்தால் கயிற்றுக்கு மட்டும்தான் காசு. ஆனால் ஒவ்வொரு கம்பையும் தட்டிப் பார்த்து, வெடிப்போ செல்லரிப்போ தென்பட்டால் அடுப்புக்குப் போட்டுவிடலாம்.

கால் முனையைக் கூராக்கி, முனையிலிருந்து அரை அடி மேலே ஒரு சாண் நீளக் குறுக்குக் குச்சியைக் கட்டிவிட வேண்டும். ஈர மண்ணில் கால் அந்தக் குச்சி வரை இறங்கி நிற்கும், அதற்கு மேல் புதையாது. மழை நாளில் இது இல்லாத தாங்கி ஒரு பக்கமாக இறங்கிச் சாய்வதுண்டு.

கட்டும் முறை

பதினெட்டு அடி நைலான் கயிறு, சுண்டுவிரலைவிடச் சற்று மெலிந்தது போதும். மூன்று கம்புகளையும் தரையில் பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, உச்சிகளை ஒரே மட்டமாகச் சேர்க்க வேண்டும். உச்சியிலிருந்து அரை அடி கீழே, ஓரக் கம்பில் கயிற்று முனையை முடிந்துகொண்டு, பாய் பின்னுவதுபோல ஒரு கம்புக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று ஆறேழு சுற்று போக வேண்டும். பிறகு கம்புக்கும் கம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கயிற்றை விட்டு, சுற்றிய சுற்றுகளையே குறுக்காக இரண்டு முறை இறுக்கிக் கட்டி முடிச்சுப் போட வேண்டும். பாய்ப்பின்னல் சுற்றை மிக இறுக்கமாகப் போட்டால் கால் விரியாது, தளர்த்தினால் நழுவும். முதல் முறை சரியாக வராது. இரண்டாம் முறை கை கண்டுகொள்ளும்.

எழுப்பும்போது ஓரக் கம்புகள் இரண்டையும் கத்தரிக்கோல்போல விரித்து, நடுக் கம்பை எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். உச்சியில் மூன்று முனைகளும் பின்னி ஒரு கிண்ணம்போல நிற்கும். தூளிக் கயிற்றைப் பின்னலில் கட்டாமல், இரட்டையாக மடித்து இந்தக் கிண்ணத்துக்குள் போட்டு நடுவில் தொங்கவிட வேண்டும். அப்போது பாரம் மூன்று கம்புக்கும் பிரியும், பின்னல் கயிறு அறுபடாது. வேலை முடிந்ததும் கட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. குடையை மடக்குவதுபோலக் கால்களைச் சேர்த்தால் ஒரே கட்டாகத் தோளில் வைத்துப் போகலாம்.

இரு சக்கர வண்டியிலும் பேருந்திலும் கொண்டுபோக ஏழு அடி நீளம் இடைஞ்சல். அப்படிப் போகிறவர்கள் கம்பை நடுவில் அறுத்து, இரண்டு துண்டையும் ஓர் அடி நீள இரும்புக் குழாய்க்குள் அரையடி அரையடியாகச் செருகிக்கொள்ளலாம். குழாயின் ஒரு பக்கம் மட்டும் போல்ட் போட்டு நிரந்தரமாக நிறுத்தினால் தொலையாது. செருகிய பிறகு கம்பு உள்ளே ஆடக் கூடாது. ஆடினால் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி இறுக்க வேண்டும். முழுவதையும் இரும்புக் குழாயில் செய்யக் கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், கனம் கூடும். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிக்கு அடியில் இரும்புக் குழாயை நிமிர்த்தித் தூக்கிப் போவது உயிருக்கு ஆபத்து. வயலுக்கு மரக்கம்பே மேல்.

சாயாமல் இருக்க

இந்தத் தாங்கி உடைந்து விழுவதைவிடச் சாய்ந்து விழும் வாய்ப்புதான் அதிகம். கால்கள் ஒன்றுக்கொன்று ஐந்து அடி தள்ளி நிற்க வேண்டும். அப்போது கட்டு தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி உயரத்தில் இருக்கும். உயரம் வேண்டும் என்று கால்களை நெருக்கினால், தூளியை ஆட்டும்போது பாரம் இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள கோட்டைத் தாண்டும், தாங்கி அந்தப் பக்கமாகக் கவிழும். ஐந்து அடி அகலத்திலேயேகூட முக்கால் அடிக்கு மேல் வீசி ஆட்டக் கூடாது. ஒவ்வொரு காலையும் பக்கத்தில் அடித்த முளைக்குச்சியோடு சேர்த்துக் கட்டிவிட்டால்தான் நிம்மதி. ஆடு கட்டும் முளை போதும். மூன்று காலையும் அடியில் கயிற்றால் இணைத்துவிட்டால் கால்கள் வழுக்கி விரியாது.

ஐந்து அடி அகலம் வரப்பில் கிடைக்காது. களத்துமேடு, மோட்டார் கொட்டகையின் நிழல், மேடான தரிசு ஆகியவை ஏற்ற இடங்கள். வாய்க்கால் கரையும் வண்டித் தடமும் ஆகாது. நடவு நகர நகரத் தாங்கியும் நகர்ந்து, தாயின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நகர்த்த முடிகிறது என்பதில்தான் மரத்தைவிட இது ஒரு படி மேல்.

பிள்ளையைப் போடும் முன் சோதனை கட்டாயம். 45 கிலோ யூரியா மூட்டையை வேறொரு கயிற்றில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிட வேண்டும். ஆறு மாதக் குழந்தையின் எடை ஏழு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும் என்றாலும், ஆட்டமும் அசைவும் பாரத்தைக் கூட்டும். பின்னல் நழுவுகிறதா, கம்பு வளைகிறதா என்று பார்த்துவிட்டு, கட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளலாம். உர மூட்டையைத் தூளித் துணியில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

துணியும் பிள்ளையும்

நைந்துபோகாத பருத்திப் புடவைதான் தூளிக்கு ஏற்றது. வழுவழுப்பான செயற்கை இழைப் புடவையில் முடிச்சு நழுவும், காற்றும் புகாது. துணியின் இரு பக்கத்தையும் அகட்டி வைக்க ஒன்றரை அடித் தூளிக் கட்டையை மறக்காமல் போட வேண்டும். அது இல்லாவிட்டால் துணி பிள்ளையின் முகத்தை மூடும், முறுக்கிக்கொள்ளும். தூளியின் அடி தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் போதும். திறந்த கொக்கி வேண்டாம், மூடிய வளையம் போட வேண்டும். ஸ்பிரிங் மாட்டுகிறவர்கள் அது அறுந்தால் தாங்க ஒரு காப்புக் கயிற்றைத் தளர்வாகக் கூடவே கட்ட வேண்டும். தலைமாடு காலுக்கு நேரே வராமல், இரண்டு கால்களின் நடுவில் வரும்படி பிள்ளையைப் படுக்கவைத்தால் தலை கம்பில் இடிக்காது.

கழுத்து நிற்காத பச்சைக் குழந்தையை நீண்ட நேரம் தூளியில் விடக் கூடாது. தூளியின் வளைவில் தாடை நெஞ்சோடு மடங்கினால் சத்தமே இல்லாமல் மூச்சு தடைபடும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கட்டிலோ, சமமான படுக்கையோதான் ஏற்றது. எழுந்து உட்காரவும் பிடித்து நிற்கவும் தொடங்கிய பிள்ளைக்குத் தூளியை நிறுத்திவிட வேண்டும். இன்னொரு ஆபத்து பெரிய பிள்ளைகளால் வருகிறது. பள்ளி விடுமுறையில் கூட வரும் அண்ணனோ அக்காவோ தூளிக்குள் ஏறி முறுக்கி விளையாடும்போது துணி கழுத்தை இறுக்கி உயிர் போன துயரங்கள் தமிழ்நாட்டில் ஒன்றுக்கு மேல் நடந்திருக்கின்றன. பிள்ளையைத் தூக்கியவுடன் துணியைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிடும் பழக்கம் வேண்டும். வெறும் தூளி தொங்கவே கூடாது.

நிழலுக்குத் தாங்கியின் மேற்குப் பக்கம் வெள்ளை வேட்டியோ, பழைய நிழல்வலைத் துண்டோ, இரண்டு தென்னங்கீற்றோ சாத்தலாம். உரச்சாக்கும் தார்ப்பாயும் உள்ளே வெப்பத்தைக் கூட்டும். காற்று வரும் பக்கம் திறந்தே இருக்கட்டும். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களில் முழங்கால் உயரத்தில் கை அகலத்துக்கு விளக்கெண்ணெயை அழுத்தமாகத் தடவினால் போதும், முளைக்குச்சிக் கயிறு அதற்குக் கீழே இருக்க வேண்டும். மருந்து தெளிக்கும் நாளில் அந்த வயலுக்கு மட்டுமல்ல, காற்று வாக்கில் அடுத்த வயலுக்கும் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது. இடி மின்னல் என்றால் பிள்ளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும்.

யார் பார்த்துக்கொள்வது?

எவ்வளவு நல்ல தாங்கியானாலும் ஓர் ஆளின் கண் வேண்டும். நூறு நாள் வேலைக்காக 2005-இல் வந்த சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதற்கு இடம் கொடுக்கப்பட்டது. வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால், அவர்களைக் கவனிக்க ஒரு பெண்ணை அமர்த்தி, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்பது அந்த விதி. சொந்த நடவுக்கு ஆள் விடும் விவசாயியை எந்தச் சட்டமும் இப்படிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் கணக்குப் பார்த்தால் அவருக்கும் நட்டமில்லை. பிள்ளை அழும்போதெல்லாம் கரையேறும் தாய்க்கும், மனம் பதியாமல் நடும் கைக்கும் ஆகும் நேரத்தைவிட, வயதான ஒரு பாட்டிக்குக் கொடுக்கும் அரைக் கூலி பெரிதல்ல. நடவுக் குழுவுக்கு ஒரு தாங்கி என்று சேர்ந்து செய்து, மேஸ்திரி வீட்டில் வைத்துக்கொண்டால் பருவம் முழுக்க எல்லா வயலுக்கும் போகும்.

பெரியவர்களுக்கும் உண்டு

பன்றிக் காவலுக்கு இரவில் வயலில் படுப்பவர்களுக்கும் இதே கட்டுமானம் உதவும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கிறது. கடித்ததே பல நேரம் தெரியாது. தரையைவிட்டு மேலே படுப்பது நல்ல பாதுகாப்பு. இதற்கு இரண்டு மூன்று கால் தாங்கிகளை எதிரெதிரே நிறுத்தி, இரண்டின் கிண்ணத்திலும் பத்தடி நீளமுள்ள, மூன்று அங்குலப் பருமன் குறுக்குக் கம்பைக் கிடத்திக் கட்ட வேண்டும். வலைத் தூளியின் இரு முனைகளையும் தாங்கிகளுக்கு அருகே அந்தக் குறுக்குக் கம்பில் கட்டலாம். குறுக்குக் கம்பு இல்லாமல் தாங்கிக்குத் தாங்கி கட்டினால், படுத்த நொடியில் இரண்டும் உள்பக்கமாக இழுபட்டு மேலே விழும்.

வலையை விறைப்பாகவும் கட்டக் கூடாது. கயிறு படுக்கை மட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால், 60 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 60 கிலோ இழுவை வரும். அதையே 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 170 கிலோவைத் தாண்டிவிடும். கயிறு அறுவதும் குறுக்குக் கம்பு முறிவதும் இப்படித்தான். நன்றாகத் தொங்கவிட்டுக் கட்டி, குறுக்காகச் சற்று சரிந்து படுத்தால் முதுகும் நேராக இருக்கும்.

நைலான் கயிறு வெயிலில் கிடந்தால் ஒரு பருவத்துக்குள் நார் நாராக உதிரத் தொடங்கும். தேங்காய் நார்க் கயிறு மழையில் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே தெரியாது. எதுவானாலும் ஒவ்வொரு நடவுப் பருவத்துக்கும் புதுக் கயிறு போட்டு, பழையதை ஆட்டுக்கோ கீற்றுக் கட்டுக்கோ மாற்றிவிடலாம். கம்புகளைப் பரணில் படுக்கைவாட்டில் வைத்தால் செல் ஏறாது.