எல்லைக்கு அப்பால் நேர்ந்த விபத்து

சட்டம் என்றதும், அது வழக்கறிஞர்களுக்கு உரிய பொருள், நமக்கென்ன என்று மாணவர்கள் எண்ணுவது இயல்பு. நானும் அவ்வாறு எண்ணியிருந்தவனே. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்து மாலை ஒன்றில் வந்த தொலைபேசிச் செய்தி அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது.

என் தமக்கையாரின் மகன் வேலூரில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்துவந்தான். வயது 22, மாத ஊதியம் 12,000 ரூபாய். திருப்பதிக்கு மோட்டார் சைக்கிளில் சென்று திரும்புகையில், சித்தூருக்கு அருகே, எதிரே வந்த லாரி ஒன்று முன்சென்ற வண்டியை முந்த முயன்று அவன்மீது மோதிற்று. தலைக்கவசம் உயிரைக் காத்தது. வலது முழங்கையோ நொறுங்கிப்போயிற்று.

மருத்துவமனை வாயிலிலேயே லாரிக்காரர் தரப்பில் ஒருவர் வந்தார். “விபத்து நடந்தது ஆந்திரத்தில், வழக்கும் அங்கேதான் தொடுக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலைவீர்கள். இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திடுங்கள்” என்றார். தமக்கையார் கலங்கினார், நானும் தயங்கினேன். நல்லவேளையாக, அன்று கையெழுத்திடவில்லை.

அவர் கூறியது ஒரு காலத்தில் பொருந்தும், இப்போது பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் 1994ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, இழப்பீடு கோருபவர் விபத்து நடந்த இடத்துத் தீர்ப்பாயத்தை நாடலாம். தாம் வாழும் அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய தீர்ப்பாயத்தை நாடலாம். எதிர்த்தரப்பினர் வாழும் இடத்திலும் தொடுக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை அடிபட்டவருடையது. ஆகவே வேலூரிலேயே மனுச் செய்தோம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வழக்கு நம் ஊருக்கு வரும். சான்று தானாக வராது. முதல் தகவல் அறிக்கை, விபத்து இடத்தின் வரைபடம், வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்றிதழ், லாரியின் காப்பீட்டு விவரம் ஆகியவை யாவும் சித்தூர்ப் பக்கமே இருந்தன. இரண்டு முறை பேருந்தேறிச் சென்று அவற்றின் படிகளைப் பெற்றேன். தெலுங்கில் இருந்தவற்றை மொழிபெயர்க்கவும் வேண்டியிருந்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. ஆதலால் காலதாமதம் கூடாது.

மற்றொரு வழியும் உண்டு. 164ஆம் பிரிவின்படி, எவர்மீது தவறு என்று மெய்ப்பிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெறலாம். ஆனால் அதனை ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள மனு அற்றுப்போகும். அவசரத்தில் கை நீட்டுமுன் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இழப்பீட்டை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்? அது கைக்கு வைக்கும் விலையன்று. கை இழந்த உழைப்புக்கு இடும் கணக்கு. மருத்துவக் குழு அவனது ஊனத்தை 25 விழுக்காடு என்றது. ஆனால் உடலின் ஊனமும் தொழிலின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. முழங்கை மடங்காதவன் பாடம் கற்பிக்கலாம். கடைசல் இயந்திரத்தின் முன் நிற்க இயலாது. இதனைச் சீர்தூக்கிய தீர்ப்பாயம் வருவாய் இழப்பை 40 விழுக்காடு எனக் கொண்டது. ஆண்டு வருவாய் 1,44,000 ரூபாயில் 40 விழுக்காடு 57,600. உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணைப்படி, 15 முதல் 25 வயது வரையினருக்குப் பெருக்கும் எண் 18. ஆக 10,36,800 ரூபாய். மருத்துவச் செலவும் வேதனைக்கான தொகையும் இதற்குமேல் சேர்ந்தன. லாரிக்குக் கட்டாயக் காப்பீடு இருந்தமையால் காப்பீட்டு நிறுவனமே செலுத்திற்று.

அத்தொகையால் கை மீளவில்லை. ஆனால் அவன் இன்று ஒரு சிறு உதிரிபாகக் கடை வைத்துப் பிழைக்கிறான். தாயின் கழுத்துச் சங்கிலியும் அடகுக் கடையிலிருந்து திரும்பியது.

மாணவர்களே, நீங்களும் நாளை எல்லை கடந்து வண்டியோட்டுவீர்கள். தலைக்கவசமும் ஓட்டுநர் உரிமமும் உடன் இருக்கட்டும். துன்பம் நேர்ந்தால், உங்கள் ஊரிலேயே நீதி கேட்க ஒரு வாயில் உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும். அன்று மருத்துவமனை வாயிலில் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும்.