வண்டியின் எண்ணெயும் மலையின் நீரும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் வண்டி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும். மிளகும் அன்னாசியும் பலாவும் ஏற்றிச் சந்தைக்கு இறங்கும் வண்டி, உரமும் மளிகைச் சரக்கும் சுமந்து அதே வளைவுகளில் மீண்டும் ஏறுகிறது. இவ்வுழைப்பையெல்லாம் தாங்கி நிற்பது எஞ்சினின் அடித்தொட்டியில் கிடக்கும் ஐந்தாறு லிட்டர் எண்ணெயே. அதனை நம் வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளும் முறையையும், மாற்றிய பின்னர் நமக்கு எஞ்சும் கடமை ஒன்றையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஏன் மாற்றவேண்டும்?

எஞ்சின் எண்ணெய்க்குப் பல வேலைகள் உண்டு. உராயும் பாகங்களுக்கிடையே வழுவழுப்பைத் தருகிறது, சூட்டைக் கடத்துகிறது, கரியையும் உலோகத் துகளையும் தன்னோடு சுமந்து செல்கிறது. நாளடைவில் அழுக்கு மிகுந்து, எண்ணெயில் கலந்துள்ள காப்புப் பொருள்களும் தீர்ந்துபோகின்றன. ஏற்றத்தில் தாழ்ந்த கியரில் செல்லும்போது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எஞ்சின் சமவெளியிலும் மிகுதியாகச் சுழல்கிறது, சூடும் கூடுகிறது. ஆதலால், வண்டிக் கையேட்டில் சாதாரண உபயோகத்திற்கு ஒரு தவணையும் கடின உபயோகத்திற்கு ஒரு தவணையும் குறிக்கப்பட்டிருப்பின், மலை வண்டிக்குரியது பின்னதே என்று கொள்க.

நிறத்தைக் கண்டு முடிவு செய்தல் தவறு. டீசல் எஞ்சினில் புது எண்ணெயும் விரைவில் கறுத்துவிடும். அளவுகோலில் எண்ணெய் பால்போல் வெளுத்துத் தோன்றினால் நீர் கலந்துள்ளது என்று ஐயுற்று மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

மாற்றும் முறை

வண்டி சமதளத்தில் நிற்பது முதல் தேவை. சரிவில் நின்றால் எண்ணெய் முழுதும் வடியாது. அளவுகோலும் பொய் சொல்லும். மலையில் பல வீடுகளுக்குச் சமதளம் என்பது களம் ஒன்றே. அதுவோ மிளகும் சாமையும் கேழ்வரகும் காயுமிடம். அங்கே வண்டியை நிறுத்த நேர்ந்தால் கெட்டியான தார்ப்பாய் விரித்தே வேலையைத் தொடங்குக. சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் நுழையலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துக. வெதுவெதுப்பான எண்ணெய் அழுக்கோடு எளிதில் வடியும். மிகச் சூடாயின் கையைச் சுடும். கையுறை அணிந்துகொண்டு, மேல் மூடியைத் திறந்துவைத்து, அடித்தொட்டியின் வடிபோல்ட்டைக் கழற்றி, அகன்ற பாத்திரத்தில் எண்ணெயைப் பிடிக்கவேண்டும். கால் மணி நேரம் பொறுத்திருந்தால் சொட்டும் அடங்கும்.

பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்பதை உறுதி செய்க. புது ஃபில்டரின் வளையத்தில் சிறிது புது எண்ணெய் தடவி, அதன்மேல் அச்சிட்டுள்ள குறிப்பின்படி கையால் இறுக்கினால் போதும். வடிபோல்ட்டுக்குப் புது வாஷர் இடுதல் நலம். பாவின் இழுவை தளர்ந்தால் துணி கெடும், மிகுந்தால் இழை அறும் என்பதை நம் நெசவாளர்கள் அறிவார்கள். போல்ட்டுக்கும் அந்த அறிவே வேண்டும். தளர்ந்தால் எண்ணெய் ஒழுகும். மிகுந்தால் தொட்டியின் மரை அழிந்து, மிச்சப்படுத்திய கூலியினும் பெருஞ்செலவு வந்து சேரும்.

எண்ணெய் வாங்குங்கால் கையேடு கூறும் தரத்தையே கேட்டு வாங்குக. 15டபிள்யூ-40 என்பதில் முதல் எண் குளிரிலும், பின் எண் எஞ்சினின் சூட்டிலும் எண்ணெய் கொள்ளும் தடிப்பைக் குறிக்கும். சொன்ன அளவினும் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி, எண்ணெய் விளக்கு அணைவதையும் கீழே ஒழுக்கின்மையையும் பார்க்கவேண்டும். பின்னர் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து அளவுகோலை நோக்கி, மேற்குறிக்கு மிகாமல் நிரப்புக. அதிகம் ஊற்றுவதும் தீதே. எண்ணெய் நுரைத்து வழுவழுப்பை இழக்கும். தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஓர் அட்டையில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின் அதன் நிபந்தனைகளை முதலில் படித்துக்கொள்வது நன்று.

வடித்த எண்ணெய் எங்கே போவது?

வேலை இத்துடன் முடிந்ததென்று எண்ணுவோர் பலர். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணி, கறுத்த எண்ணெயை வேலியோரம் ஊற்றியவர்களே. மழை வந்தது, வேலியோரத்து எண்ணெய் ஓடையில் வானவில் நிறமாய் மிதந்ததைக் கண்டபோதுதான் செய்த பிழை விளங்கிற்று. ஒரு பங்கு எண்ணெய் பத்து லட்சம் பங்கு நீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் எச்சரிக்கிறது. ஆகாயகங்கையாய் வீழும் ஐயாறு புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்தில் இறங்குகிறது. மேலே நாம் ஊற்றுவது கீழே ஒருவர் குடத்தில் சேரும்.

நெசவுத் தொழிலைச் சார்ந்தோருக்கு இப்பாடம் புதிதன்று. திருப்பூரில் பட்டறை பட்டறையாக வெளியேறிய சாயநீர் நொய்யலைக் கெடுத்து, கீழேயுள்ள உழவர்களின் நிலத்தையும் பாழாக்கிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் நிலை வந்தது. தனித்தனியே பார்த்தால் சிறிதாய்த் தோன்றிய தவறுகள் ஒன்றுகூடிச் செய்த கேடு அது.

கரையானுக்கென்று கம்பத்தில் பூசுவதும், அடுப்பெரிக்க ஊற்றுவதும் தீர்வாகா. அதிலுள்ள நச்சு மண்ணுக்கும் புகைக்குமே போய்ச் சேரும். தோலில் இடைவிடாது படுதலும் கேடு தரும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பயன்பட்ட எண்ணெயைத் தம் வரம்பிற்குள் கொண்டுள்ளன. எண்ணெய் உற்பத்தி செய்வோரும் இறக்குமதி செய்வோரும் அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கவேண்டும் என்னும் விதியும் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. முறையாகச் சுத்திகரித்தால் அழுக்கெண்ணெய் மீண்டும் மசகு எண்ணெயாகும்.

சங்கம் செய்யக்கூடியது

ஒருவர் வடித்த ஐந்து லிட்டரை வாங்க எவரும் 70 வளைவுகள் ஏறிவரமாட்டார்கள். நாற்பது பேருடைய ஐந்து லிட்டர் சேர்ந்தால் 200 லிட்டர். ஒரு பீப்பாய் நிரம்பும். அப்போது அது குப்பையன்று, சரக்கு. மிளகு விற்பனையில் நாம் கண்ட கூட்டுறவின் பொருள் இதுவே அல்லவா?

ஆகவே சங்கக் கட்டடத்தின் கூரைக்கடியில், மழையும் தீயும் அணுகாத இடத்தில், மூடியுள்ள பீப்பாய் ஒன்றை வைக்க நிர்வாகக் குழு ஆவன செய்யவேண்டுகிறோம். அது நிரம்பியதும், முறையான பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்கலாம். அங்கத்தினர்கள் வடித்த எண்ணெயை, அது வந்த கேனிலேயே ஊற்றி, மேலே எழுதி ஒட்டிக் கொண்டுவரவேண்டும். தண்ணீர்ப் பாட்டிலிலோ சமையல் எண்ணெய் டின்னிலோ வைத்தால் குழந்தைகளுக்கு ஆபத்து. தண்ணீரும் மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் அதில் கலத்தலாகாது. கலந்ததை வாங்குவோர் மறுப்பர். பழைய ஃபில்டரையும் வடியவிட்டு உடன் கொணர்க.

வண்டி நம்முடையது, அதன் எண்ணெயை நாமே மாற்றிக்கொள்வோம். ஓடை எல்லோருடையது, அதை எல்லோரும் சேர்ந்தே காக்கவேண்டும்.