ஐந்து குரல் பெட்டி – 9: குன்னூர் மேரியோ ஏன் நிதானமாக ஓடினான்?

இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், ஒரு பதிவுக் குரல். நிண்டெண்டோ பெட்டியின் கச்சேரி கோஷ்டி இவ்வளவுதான். தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை தேவையில்லை. விட்டவர்கள் பக்கத்து வீட்டில் பழைய இதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் எமுலேட்டரும் (பழைய பெட்டியைப் போலவே நடிக்கும் நிரல்) சட்டமும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் மஞ்சூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. "மொபைலில் கான்ட்ரா இறக்கிப் போட்டேன். முதல் லெவல் பாட்டு யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறது. சத்தமும் நாம் கேட்ட சத்தமில்லை. நான் டவுன்லோடு பண்ணியது டூப்ளிகேட்டா சார்?"

ஐயா, நீங்கள் இறக்கியதுதான் அசல். நாம் அந்தக் காலத்தில் கேட்டது டூப்ளிகேட்.

இதை ஒரு வரியில் பதிலாக எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் 'எந்த விதத்தில் டூப்ளிகேட்' என்று தோண்டப் போனவன் வெளியே வரவில்லை. வியாழக்கிழமை கெடு. இன்று புதன். சட்டம் எங்கும் ஓடிப்போகாது.

ஜப்பானில் 1983 ஜூலையில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாம் பெட்டியை விற்கத் தொடங்கியது. நம் ஊருக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள். 'மீடியா' என்று ஒரு பெட்டி, பெயரே இல்லாமல் இன்னும் பல. எந்தப் பெயராக இருந்தாலும் வீட்டில் அது 'டிவி கேம்', அதில் செருகுவது 'கேசட்'. நகல் பெட்டிகளின் வயிற்றில் பெரும்பாலும் தைவானின் யூஎம்சி நிறுவனம் செய்த ஐசிகள் இருந்தன. நிண்டெண்டோவுக்கு ரீகோ செய்துகொடுத்த ஐசியைப் பார்த்துச் செய்தவை அவை.

என் பழைய பெட்டி பரணில் இருந்தது. குன்னூர் ஈரத்தில் பரணில் கிடந்த எந்தப் பொருளும் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. திருகாணிகளில் துரு, கேசட் நுழையும் வாயில் பச்சை. ஐப்பசி மழைக்கு நம் பக்கத்து மலைச்சரிவில் வெயிலே அடிக்காத வாரங்கள் உண்டு; செம்பு தாங்காது. பழக்க தோஷத்தில் கேசட்டை வாயில் வைத்து ஊதப் போனேன். எனக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஊதாதீங்க சார். உங்க வாய் ஈரம்தான் இந்தப் பச்சைக்கே காரணம்."

"பின்ன, சின்ன வயசுல ஊதினா ஓடுச்சே அண்ணா?"

"ஊதினதால ஓடலை. கழட்டி மறுபடி போட்டீங்கல்ல, அதால ஓடுச்சு. பென்சில் ரப்பர் வெச்சுத் தேய்ங்க."

ரப்பர் வைத்துத் தேய்த்ததும் கேசட்டின் பல் வரிசை பொன்னிறமாக மின்னியது. பெட்டியின் பழுப்பு போர்டில் இரண்டு நீள ஐசி. ஒன்றின் முதுகில் யூஏ6527பி, மற்றதில் யூஏ6538. முதலாவது மூளையும் குரலும், இரண்டாவது படம். அந்த 'பி' என்ற ஒற்றை எழுத்தில்தான் மஞ்சூர்க்காரரின் பாதிப் பதில் இருக்கிறது.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அந்தக் கால டிவி நொடிக்கு 60 முறை படத்தை வரையும். நம்முடைய பால் (PAL) முறை டிவி 50 முறை. ஐரோப்பாவில் மின்சாரம் 50 சைக்கிள் என்பதால் அவர்கள் டிவியையும் அதற்கு ஏற்ப அமைத்தார்கள், நாம் அந்த முறையை வாங்கிக்கொண்டோம். நமக்கும் கரண்ட் அதே 50 சைக்கிள்தான். 1932-ல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையமும் அந்தக் கணக்கில்தான் சுற்றுகிறது. சரி, இதற்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கால ஆட்டங்களில் தாளம் போடுவது டிவிதான். ஒரு படம் வரைந்து முடிந்ததும் பெட்டி ஒரு சைகை கொடுக்கும். நிரல் அந்தச் சைகையைப் பார்த்துப் பாட்டை ஒரு அடி நகர்த்தும். நொடிக்கு 60 அடி என்று கணக்குப் போட்டு எழுதிய பாட்டு நம் வீட்டில் 50 அடிதான் நடந்தது. ஜப்பானில் 10 விநாடி ஓடிய இசை நமக்கு 12 விநாடி. மேரியோவில் நேரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் பாட்டு பதறும், நினைவிருக்கிறதா? அந்தப் பதற்றமும் நமக்கு ஆறில் ஒரு பங்கு கம்மி.

நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கு என்று செய்த பெட்டியிலும் இதே 50 உண்டு. ஆனால் அங்கே ஐசியின் கடிகாரமும் மெதுவாகிவிட்டது: நொடிக்குச் சுமார் 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்பு இருந்த இடத்தில் 16 லட்சத்து 60 ஆயிரம். கடிகாரம் குறைந்தால் சுருதி இறங்கும். திருத்தாமல் விட்ட பாட்டு ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் மேல் கீழே போய்விடும். யூஎம்சிக்காரர்கள் 'பி' ஐசியில் கடிகாரத்தை 17 லட்சத்து 73 ஆயிரத்தில் வைத்தார்கள். சுருதி ஏறக்குறைய அசலேதான், மிருதங்கக்காரர்கூடக் கண்டுபிடிக்கத் திணறுவார். காலப்பிரமாணம் மட்டும் இறங்கியது. அசல் கம்பெனியைவிட நகல்காரன் இந்த விஷயத்தில் நன்றாக யோசித்திருக்கிறான் என்றுதான் நான் சொல்வேன்.

இதே ஏற்பாட்டில் வளர்ந்த இன்னொரு ஊர் ரஷ்யா. அங்கே 1992 டிசம்பரில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் 'டெண்டி' என்ற பெயரில் நகல் பெட்டியை இறக்கியது. அதன் சின்னம் ஒரு யானை. இவான் மக்சிமோவ் என்ற அனிமேஷன் கலைஞர் வரைந்தது. (கூடலூர்ப் பக்கம் இப்போது யானைச் சின்னம் போட்டு எதையும் விற்க முடியாது, வாழைத்தோட்டக்காரர்கள் அடிக்க வருவார்கள்.) டெண்டி அங்கே அவ்வளவு பெயர் வாங்கியதால், இன்று எமுலேட்டர்களில் இந்த 50 படக் கணக்குக்கே 'டெண்டி' என்றுதான் பெயர். மாஸ்கோ பையனும் குன்னூர் வி.பி. தெருப் பையனும் கேட்டது ஒரே வேகத்து மேரியோ.

இது வேகம். மஞ்சூர்க்காரர் இன்னொன்றும் சொன்னாரே, சத்தமே வேறு என்று? அங்கேதான் எனக்கு இந்த வாரம் தூக்கம் போனது.

சதுர அலை என்பது மேலே கொஞ்ச நேரம், கீழே கொஞ்ச நேரம் நிற்கிற மின்னழுத்தம். ஒரு சுற்றில் எவ்வளவு பங்கு மேலே நிற்கிறது என்பதை வைத்துக் குரலின் குணம் மாறும். நிண்டெண்டோ ஐசி அதற்கு நான்கு பங்குகளைக் கொடுத்தது: அரைக்கால், கால், அரை, முக்கால். நம் எண்சுவடியிலிருந்து எடுத்தது மாதிரியே இருக்கிறது. ஒரு சுற்றை எட்டுத் துண்டாக்கி ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று எண்ணினால் இவை வந்துவிடும். அரைக்கால் மெலிசாக மூக்கால் பேசும். கால் பளிச்சென்று இருக்கும். அரை உருண்டையாக, உள்ளே கூடாக இருக்கும். முக்கால் காதுக்குக் காலைப் போலவே கேட்கும். எது வேண்டும் என்று நிரல் இரண்டு பிட்டில் சொல்லும்: 00, 01, 10, 11.

பல யூஎம்சி நகல்களில் 01-ம் 10-ம் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. கால் கேட்டால் அரை வரும். அரை கேட்டால் கால் வரும்.

இதைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை மேரியோவின் இசை நிரலைப் பிரித்துப் பார்த்ததுதான். கோஜி கோண்டோ 1985-ல் போட்ட அந்தத் தரைப்பாட்டில் இரண்டு சதுரக் குரலுக்கும் கேட்டிருப்பது 10. அதாவது அரை. ஆகவே அசல் மேரியோவில் மெட்டு உருண்டையாகப் பாடுகிறது. என் பெட்டியில் அது முழுக்கக் காலாகிவிட்டது, பளிச்சென்று, கொஞ்சம் கரகரப்பாக.

என்ன வித்தியாசம் என்று காதால் தெரிய வேண்டுமானால் கம்ப்யூட்டர் தேவையில்லை. அரைப் பங்குச் சதுர அலையில் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டுமே உண்டு: மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது. கிளாரினெட்டின் கீழ்ஸ்தாயியும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே பருமனான குழாய், ஒரு முனை அடைப்பு, அதனால் இரட்டைப்படைகள் வலுவிழந்துவிடும். நாதஸ்வரம் கூம்புக் குழாய். அதில் இரட்டைப்படை, ஒற்றைப்படை எல்லாம் கூட்டமாக வரும். கால் பங்கு அலையிலும் இரட்டைப்படை உண்டு, நான்கின் மடங்குகள் மட்டும் இராது. ஆக, கோண்டோ கிளாரினெட்டுக்கு எழுதியதை நம் பெட்டி நாதஸ்வரத்தில் வாசித்திருக்கிறது! நாதஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையிடமே 'கிளாரினெட் எவரெஸ்ட்' பட்டம் வாங்கிய ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டு வளர்ந்த தஞ்சாவூர் நண்பர் ஒருவருக்கு இரண்டையும் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். எது அசல் என்று சொல்லவில்லை. "ரெண்டாவதுதான் ஓய் நம்ம ஊர் கல்யாணம்" என்றார். இரண்டாவது, நகல்.

கூம்புக் குழாய் என்றதும் கோத்தர்களின் 'கொள்' ஞாபகம் வருகிறது. நீலகிரியில் கோத்தர் ஊர்கள் ஏழு. அவர்கள் ஊதும் கொள், நாதஸ்வரம் போலவே சீவாளி வைத்த கூம்பு. ஒரு காலத்தில் படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் வீட்டுச் சாவுக்கும் அந்த ஓசைதான். ரிச்சர்ட் உல்ஃப் என்ற இசையியலாளர் கோத்தர் இசையைப் பற்றி முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். பனியில் அது அடுத்த மலைவரை கேட்பதற்கும் அந்த மேல்சுரக் கூட்டம்தான் ஒரு காரணம். மேரியோ எழுத உட்கார்ந்து கொள் பற்றி எழுதுகிறேன் என்று ஆசிரியர் சிவப்பு மை எடுக்கும் சத்தம் கேட்கிறது. திரும்பிவிட்டேன்.

எமுலேட்டர் எழுதுகிறவர்களில் ஒரு சாரார் சுத்த சங்கீதக்காரர்கள். அசல் ஐசியின் ஒவ்வொரு துடிப்பும் அப்படியே வரவேண்டும் என்று வருடக்கணக்கில் உழைக்கிறவர்கள். அவர்களை நான் மதிக்கிறேன். 1997-ல் வந்த நெஸ்டிகிளை ப்ரௌசிங் சென்டரில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். அதன் சத்தம் அசலுக்கும் இல்லை, நகலுக்கும் இல்லை. ஆனால் என் கும்பிடு வேறொரு கூட்டத்துக்கு. எஃப்சிஇயூஎக்ஸ், மெசன் போன்ற எமுலேட்டர்களின் ஒலி அமைப்புகளுக்குள் போனால் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்தால் காலும் அரையும் இடம் மாறும். அதாவது நகல் ஐசியின் கோளாறை, அது கோளாறு என்று தெரிந்தே, ஒருவர் உட்கார்ந்து நகல் எடுத்து வைத்திருக்கிறார். எங்கோ கோடிக்கணக்கான பிள்ளைகள் அந்தக் கோளாறைத்தான் பாட்டு என்று கேட்டு வளர்ந்தார்கள் என்பதை அவர் மதித்திருக்கிறார். ஜப்பான் பிள்ளையின் ஞாபகம் சுத்தம், நம்முடையது அசுத்தம் என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கேட்ட காதுக்குக் கேட்டதே அசல்.

மஞ்சூர் ஐயாவுக்கு மருந்துச் சீட்டு: ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் செயலியைப் போட்டு, அதில் எஃப்சிஇயூஎம்எம் என்ற 'கோர்' (core) எடுங்கள். அமைப்புகளில் ரீஜன் என்ற இடத்தில் டெண்டி. 'ஸ்வாப் ஆடியோ டியூட்டி சைக்கிள்ஸ்' என்பதை ஆன். இப்போது கான்ட்ராவைப் போடுங்கள். முப்பது உயிருக்கான மேல்-மேல்-கீழ்-கீழ் விரலுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டாம். டிக் போட்டும் எடுத்தும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஹெட்போன் அவசியம், மொபைல் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் பாதி காணாமல் போகும்.

எழுத வைத்திருந்த இன்னொன்றும் இடமில்லாமல் நிற்கிறது: '9999999 இன் 1' கேசட்டின் மெனு. கடற்கரை, சூரிய அஸ்தமனம், பறவைகள், கூடவே உருகி உருகி ஒரு மெட்டு. அந்த மெட்டு அலெக்ஸ் நார்த் 1955-ல் ஒரு சிறைச்சாலைப் படத்துக்குப் போட்ட 'அன்செயின்டு மெலடி'. அது எப்படி ஒரு திருட்டுக் கேசட்டின் முகப்பில் வந்து உட்கார்ந்தது என்பது தனிக் கதை. உரிமம் வாங்காத ஆட்டங்களின் பட்டியலுக்கு உரிமம் வாங்காத பாட்டு என்பதால், போன வாரம் வாக்குக் கொடுத்த சட்டத்தையும் அங்கிருந்தே தொடங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அதற்குள் உங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் ஐசி எண்ணை எழுதி அனுப்புங்கள். உள்ளே ஐசியே இல்லாமல் போர்டின் நடுவில் ஒரு கறுப்புத் தார்ப்பொட்டு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். பிற்காலத்து நகல்கள் எல்லாவற்றையும் அந்தப் பொட்டுக்குள்ளேயே அடக்கிவிட்டன. பொட்டுக்காரர்கள் மேரியோவைப் போட்டு, உருண்டையா, பளிச்சா என்று மட்டும் கேட்டு எழுதினால் போதும்.