ரிப்போர்ட்டில் எந்த எண்ணைப் பார்ப்பது?

எங்கள் கரக்பூரில் ஓய்வு பெற்ற தமிழர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் பென்ஷன், டி.ஏ. அரியர்ஸ் என்றுதான் பேச்சு இருக்கும். இப்போது "உமக்குக் கொலஸ்ட்ரால் எவ்வளவு?" என்பதில் ஆரம்பிக்கிறது. நான் மருத்துவன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு 35 வருடம் ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். 10 வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவன் என்ற முறையில், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை நம் அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்பு படிவதுபோல இரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இது சரியான உதாரணமாகப் படவில்லை. எல்.டி.எல். என்ற துகள் குழாயின் சுவருக்குள்ளேயே நுழைந்து தங்குகிறது. அங்கே புண் போல் வீங்கி, மேலே ஒரு மெல்லிய தோல் மூடுகிறது. அந்தத் தோல் ஒருநாள் கிழிந்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து சில நிமிடங்களில் வழி அடைபடும். அதுதான் பெரும்பாலான மாரடைப்பு. தண்டவாளத்தின் தலை பளபளவென்றிருக்கும். உள்ளே விரிசல் ஓடிக்கொண்டிருக்கும். குளிர்கால இரவில் இரும்பு சுருங்கும்போது படீரென்று முறியும். அதனால்தான் அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சோதிக்கிறோம். "எனக்கு நெஞ்சு வலியே இல்லையே" என்பவருக்கும் இரத்தப் பரிசோதனை எதற்கு என்றால் இதற்குத்தான்.

1913ல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்பவர் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைத் தீவனமாகக் கொடுத்து, அவற்றின் தமனிகளில் கொழுப்பு ஏறியதைக் காட்டினார். முயல் தாவர உண்ணி, மனிதனுக்கு இது பொருந்தாது என்று பலர் ஒதுக்கினார்கள். 1948ல் அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் 5209 பேரை வருடக்கணக்காகக் கவனித்தபோது, கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு இருதய நோயும் கூடுவது தெரிந்தது. சரி, குறைத்தால் உயிர் பிழைக்குமா? அதற்கு 1994ல் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து பதில் வந்தது. இருதய நோயாளிகள் 4444 பேரில் ஒரு பாதிக்கு சிம்வாஸ்டாடின், மறு பாதிக்கு வெறும் மாத்திரை. 5 வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் 182 பேர்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைகிளிசரைடை 5ஆல் வகுத்தால் 40. 210லிருந்து 38ஐயும் 40ஐயும் கழித்தால் 132. அதுதான் எல்.டி.எல். (ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது.) இந்திய இருதயவியல் சங்கம் 2024ல் தந்த அளவுப்படி, சாதாரணமானவர்களுக்கு எல்.டி.எல். 100க்குக் கீழ் இருக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 70க்குக் கீழ். ஏற்கெனவே மாரடைப்பு கண்டவர்கள் போன்ற மிக அதிக ஆபத்துக்காரர்களுக்கு 55க்குக் கீழ். ஆகவே லேப் தாளில் "நார்மல்" என்று அச்சிட்டிருப்பது எல்லோருக்கும் ஒரே நார்மல் ஆகிவிடாது. நம் இந்தியர்களுக்கு எச்.டி.எல். குறைவும் ட்ரைகிளிசரைடு அதிகமும் சேர்ந்து வருவது சகஜம். கூடவே சர்க்கரை வியாதியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு ஏது கொலஸ்ட்ரால்?" என்று மாமிமார்கள் கேட்பதுண்டு. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் உடம்பே, முக்கியமாக ஈரல், தயாரித்துக்கொள்கிறது. எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெருமையாகப் போடுகிறார்களே, எந்தத் தாவர எண்ணெயிலும் அது சொல்லும்படியாக இருப்பதில்லை! வெண்ணெய், நெய், தேங்காயெண்ணெய் இவற்றிலுள்ள கெட்டிக் கொழுப்புதான் எல்.டி.எல்.லை ஏற்றுகிறது. வனஸ்பதியிலிருந்த ட்ரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம். 2022லிருந்து சட்டப்படி அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. மூன்று வேளை வெள்ளைச் சோறும் மாலையில் கச்சூரி, சந்தேஷும் ட்ரைகிளிசரைடைப் பார்த்துக்கொள்ளும்.

என்னோடு வேலை பார்த்த கும்பகோணத்து நண்பர் ஒருவர், சைவம், சிகரெட் கிடையாது. 58 வயதில் மாரடைப்பு வந்து பிழைத்தார். மாத்திரையால் எல்.டி.எல். 54க்கு இறங்கியதும், "நார்மல் ஆகிவிட்டது ஐயா" என்று தாமாகவே நிறுத்திவிட்டார். 4 மாதத்தில் 196. வண்டி மெதுவாகப் போகிறதே என்று பிரேக்கைக் கழற்றி வைப்பார்களா? மருந்து இருக்கிறவரைதான் ஈரல் எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக்கொள்ளும். சதை வலி என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த 196ஐப் பார்த்த டாக்டர்தான் விசாரித்தார்: அப்பாவுக்கு? 49 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். 190க்கு மேல் இருந்தால் பரம்பரையாக வந்ததா என்று பார்க்க வேண்டுமாம். அப்படியானால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நண்பரின் மகன் புனேயில், மகள் பரோடாவில். அன்றிரவே இருவருக்கும் போன் போட்டார். மகளுக்கு 104. மகனுக்கு வயது 33, எல்.டி.எல். 201. மறு வாரமே மருந்து ஆரம்பித்துவிட்டான்.