நெல்லும் சோறும்: மூலப் படத்தைச் செப்பனிடும் மென்பொருள்

வன்னிப் பெருநிலப்பரப்பில் வாழும் மக்களுக்கு ஒளிப்படத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ குடும்பங்கள் திருமணப் படத்தொகுப்புகளையும், சுவரில் மாட்டியிருந்த முன்னோரின் படங்களையும் கைவிட்டே வெளியேறின. பேரப்பிள்ளைக்குப் பாட்டனாரின் முகத்தைக் காட்ட ஒரு துண்டுப் படமேனும் எஞ்சாத வீடுகள் உண்டு. அத்தகைய ஒரு வீட்டிலிருந்து ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ பொழுதுபோக்காகக் கமராவைக் கையில் எடுக்கும்போது, அறிந்தோ அறியாமலோ ஒரு குடும்பத்தின் நினைவைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகின்றார். ஆதலால், எடுத்த படத்தை எந்த மென்பொருளைக் கொண்டு செப்பனிடுவது என்னும் வினாவையும் சற்று நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

முதலில், செப்பனிடப்படுவது எது என்பதை விளங்கிக்கொள்ளல் நலம். இன்றைய கமராக்கள் ஒரு காட்சியை இரு வகையாகச் சேமிக்கவல்லன. ஒன்று, 'ஜேபெக்' எனப்படும் முடிவுற்ற படம். மற்றொன்று, 'றோ' எனப்படும் மூலப் படம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சோற்றிற்கும் நெல்லுக்கும் உள்ள வேறுபாடே. சோறு உடனே உண்ணத் தக்கது. ஆனால் அதை மீண்டும் நெல்லாக்க முடியாது. நெல்லோ அப்படியே உண்ணத் தக்கதன்று. எனினும் அதைச் சோறாகவும் ஆக்கலாம், மாவாகவும் இடிக்கலாம், அடுத்த போகத்துக்கு விதைக்கவும் செய்யலாம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படித்தரங்களே உள்ளன. 14 பிற்று மூலப் படத்தில் அவை 16,384 ஆகும். இருளில் மறைந்த முகத்தை வெளிக்கொணரவும், மிகுந்த வெளிச்சத்தைத் தணிக்கவும் வேண்டிய செய்தி மூலப் படத்திலேயே தங்கியிருக்கின்றது.

இதன் பயனை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தின் வைகாசிப் பொங்கல் இரவில் எளிதிற் காணலாம். கடல்நீரில் விளக்கெரிக்கும் மரபுடைய அவ்வாலயத்தில் படம் எடுப்பவருக்கு ஒருபுறம் தீபச்சுடர், மறுபுறம் இருளில் கைகூப்பி நிற்கும் முதியவள். கமரா தானே ஆக்கித் தரும் ஜேபெக் படத்தில் சுடர் வெண்புள்ளியாகவும், முதியவளின் முகம் கரும்புள்ளியாகவும் ஆகிவிடக்கூடும். மூலப் படத்தில் அவ்விரண்டையும் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம்.

அவ்வாறு மீட்டெடுக்கும் மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வேறான நிறங்களைக் காட்டுவது ஏன்? கமராவின் உணரியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் செம்மை, பச்சை, நீலம் என்னும் மூன்றில் ஒரு நிறத்தையே அறியும். கொடாக் நிறுவனத்து அறிஞர் பிறைஸ் பேயர் வகுத்து, 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, புள்ளிகளில் அரைப்பங்கு பச்சைக்கும், காற்பங்கு செம்மைக்கும், எஞ்சிய காற்பங்கு நீலத்துக்கும் உரியன. ஒவ்வொரு புள்ளியிலும் இல்லாத மற்ற இரு நிறங்களை அயற்புள்ளிகளைக் கொண்டு கணித்து நிரப்புவது மென்பொருளின் வேலை. அக்கணிப்பு முறையும், நிறங்களை அமைக்கும் முறையும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுபடும். ஒரே நெல்லைப் பலர் சமைத்தால் பதமும் சுவையும் வேறுபடுவதுபோல, இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த ஒரே அந்திப் படம் ஒன்றில் பொன்னாகவும், மற்றொன்றில் செம்மையாகவும் தோன்றும்.

இம்மென்பொருள்களை மூவகையாகப் பிரிக்கலாம். கமரா நிறுவனங்கள் தாமே இலவசமாக வழங்குபவை முதல்வகை. கனன் நிறுவனத்தின் டிஜிட்டல் போட்டோ புரொபெஷனல், நைக்கன் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட என்எக்ஸ் ஸ்டூடியோ என்பன இவ்வகையைச் சார்ந்தவை. கமரா காட்டும் நிறத்தையே இவையும் காட்டுமாதலின், புதிதாகத் தொடங்குபவருக்குத் தடுமாற்றம் குறைவு. ஆயினும் இவை தத்தம் நிறுவனத்தின் கமராக்களுக்கென்றே ஆக்கப்பட்டவை. நாளை வேறு நிறுவனத்தின் கமராவை வாங்குபவர் மென்பொருளையும் மாற்ற நேரும்.

இரண்டாவது வகை விலைக்கு வருபவை. இவற்றுள் 2007 இல் வெளிவந்த அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் பெரிதும் அறியப்பட்டது. கற்பதற்கு எளிது, கற்பிக்கும் காணொளிகளும் மிகுதி. 2015 இல் வந்த ஆறாம் பதிப்பே ஒருமுறை பணம் கொடுத்துச் சொந்தமாக வாங்கக்கூடிய அதன் இறுதிப் பதிப்பு. இன்று அதனைச் சந்தா செலுத்தியே பயன்படுத்தல் வேண்டும். சந்தா நின்றால், கணினியில் உள்ள லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கவும் வெளியே எடுக்கவும் இயலும். ஆனால் திருத்தும் பகுதி மூடப்பட்டுவிடும். சந்தாவின் மதிப்பு டொலரைச் சார்ந்தது என்பதையும் மறத்தலாகாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைக் கடந்தது. சிறு சம்பளம் பெறும் ஒருவருக்கு அவ்வாறான மாதங்களில் முதலில் நிற்பது பொழுதுபோக்குக்கான செலவே.

பெரிய நிறுவனத்தின் பொருள் நிலைத்து நிற்கும் என்று எண்ணுவதற்கும் இல்லை. அப்பிள் நிறுவனம் 2005 இல் வெளியிட்ட அப்பேச்சர் என்னும் மென்பொருளின் வளர்ச்சி 2014 இல் நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கான படங்களை அதிலே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தோர் வேறிடம் தேட நேர்ந்தது.

மூன்றாவது வகை கட்டற்ற மென்பொருள்கள். டார்க்டேபிள், றோதெரபி ஆகிய இரண்டும் இவற்றுள் முதன்மையானவை. 2009 இல் தொடங்கிய டார்க்டேபிள், 2017 இறுதியில் விண்டோஸ் கணினிகளுக்கும் வந்தது. றோதெரபி 2010 முதல் கட்டற்ற உரிமத்தின் கீழ் வழங்கப்படுகின்றது. பணம் இல்லை, சந்தா இல்லை, ஒருமுறை தரவிறக்கி நிறுவிய பின் இணைய இணைப்பும் வேண்டியதில்லை. ஆனால் இவற்றிலும் ஒரு குறை உண்டு. பொத்தான்களும் அளவுகோல்களும் மிகுதியாதலின், முதற்சில வாரங்கள் பொறுமையைச் சோதிக்கும். டார்க்டேபிளோ வலுக்குறைந்த பழைய மடிக்கணினியில் மெல்லவே நகரும்.

இவற்றுள் எதைத் தெரிவு செய்வது? நான்கு கேள்விகளைக் கேட்டால் விடை பெரும்பாலும் தானே புலப்படும். தம்மிடம் உள்ள கமராவின் மூலக் கோப்பை அம்மென்பொருள் திறக்கின்றதா? தம் கணினி அதைத் தாங்குமா? பணம் செலுத்துவது நின்றால் செய்த வேலைக்கு என்ன நேரும்? செய்த திருத்தங்களை அது எங்கே, எவ்வடிவில் எழுதி வைக்கின்றது? இவற்றுள் இறுதியான கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ஆனால் அதுவே முக்கியமானது. டார்க்டேபிளும் றோதெரபியும் மூலப் படத்தைத் தொடாமல், திருத்தக் குறிப்புகளைப் பக்கத்திலே ஒரு சிறு கோப்பாக எழுதுகின்றன. லைட்ரூமோ அவற்றைத் தன் அட்டவணையில் வைக்கின்றது. விரும்பினால் பக்கக் கோப்பாகவும் எழுதச் செய்யலாம். எனினும், ஒரு மென்பொருளின் குறிப்பை இன்னொன்று முழுமையாக விளங்கிக்கொள்ளும் என்று நம்பலாகாது. ஆகவே, சிறந்த படங்களை முடிந்த வடிவிலும் ஒரு பிரதி எடுத்துவைத்தல் அறிவுடைமை.

தெரிவுக்கு முன் ஒரு சிறு பரீட்சையும் செய்து பார்க்கலாம். நந்திக்கடலின் காலைப் பறவைகள், நண்பகல் வெயிலில் ஒரு முகம், இரவு விளக்கொளியில் ஒரு காட்சி என மூன்று படங்களை எடுத்து, இரண்டு மென்பொருள்களில் ஒரே மாலையில் செப்பனிட்டுப் பார்த்தல் வேண்டும். மனிதத் தோலின் நிறம் எதில் இயல்பாக அமைகின்றதோ, எதில் கை விரைவாகப் பழகுகின்றதோ அதுவே அவருக்கு உரியது. இலவசமானவற்றில் தொடங்கி, அவை போதாதபோது மட்டும் விலைக்குச் செல்வது வன்னியின் பொருளாதாரத்துக்கு ஏற்ற வழி.

எந்த மென்பொருளைக் கொண்டாலும் மூலக் கோப்பை மட்டும் அழித்தலாகாது. 24 மெகாபிக்சல் கமராவில் கோப்பு ஒன்று 25 மெகாபைற் அளவில் வருமாயின், ஆயிரம் படங்கள் 25 கிகாபைற்றில் அடங்கிவிடும். அவற்றை இரு வன்தட்டுகளில் பிரதி செய்து, ஒன்றை வீட்டிலும், மற்றொன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வைப்பது பெருஞ்செலவன்று. பஞ்ச காலத்திலும் விதைநெல்லைத் தொடாத உழவரின் வழக்கமே இங்கும் பொருந்தும். மென்பொருள்கள் வரும், போகும். பாட்டியின் முகம் பதிந்த மூலப் படம் இருக்குமாயின், இன்று ஐந்து வயதான பேரப்பிள்ளை வளர்ந்து, அன்றைய கருவியைக் கொண்டு அதனை இன்னும் தெளிவாகத் தன் பிள்ளைக்குக் காட்டும்.